மூலிகைச் சாறுகளின் உளப்பிணி எதிர்ப்புச் சோதனை

மூலிகைச் சாறுகளின் உளப்பிணி எதிர்ப்புச் சோதனை என்பது, ஒரு தாவரத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் சாறோ அதிலுள்ள தனிச் சேர்மமோ மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்களுக்கு மருந்தாகக் கூடுமா என்பதை ஆய்வக விலங்குகளைக் கொண்டு அறியும் முறை ஆகும். இது மருந்தியலின் ஒரு பகுதியாகும். பெரும்பாலும் சுண்டெலிகளும் எலிகளும் இதில் பயன்படுத்தப்படுகின்றன. ஒரு சாறு விலங்கின் இயக்கத்தை அடக்குகிறது என்பதும், அது உளப்பிணியைத் தணிக்கக்கூடும் என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இச்சோதனைகளின் முதன்மைச் சிக்கலாகும்.

உளப்பிணியும் மருந்துகளும்

இல்லாத குரல்கள் கேட்டல், இல்லாத உருவங்கள் தெரிதல், பிறர் தனக்குத் தீங்கு செய்வதாக ஆதாரமின்றி உறுதியாக நம்புதல், சிந்தனை தொடர்பற்றுப் போதல் ஆகியவை உளப்பிணியின் முதன்மை அறிகுறிகள். இவற்றைத் தணிக்கும் மருந்துகள் உளப்பிணி எதிர்ப்பிகள் எனப்படுகின்றன. 1952இல் பிரான்சில் குளோர்ப்புரோமசின் மனநோய்க்குப் பயன்படுத்தப்பட்டதிலிருந்து இவ்வகை மருந்துகளின் காலம் தொடங்கியது. 1958இல் பெல்ஜியத்தில் பவுல் யான்சனின் ஆய்வகத்தில் ஹாலோபெரிடால் உருவாக்கப்பட்டது. இம்மருந்துகள் மூளையில் டோபமின் என்னும் நரம்பியக் கடத்தியின் ஏற்பிகளைத் தடுக்கின்றன. டி2 வகை ஏற்பியை ஒரு மருந்து எவ்வளவு வலுவாகப் பற்றுகிறதோ, அந்த அளவுக்குக் குறைந்த மருந்தளவிலேயே அது நோயாளிகளிடம் வேலை செய்கிறது என்பது 1976இல் காட்டப்பட்டது. இன்று மூலிகைச் சாறுகளுக்குச் செய்யப்படும் சோதனைகளுள் பெரும்பாலானவை இந்த டோபமின் கருத்தை அடிப்படையாகக் கொண்டவை.

சர்ப்பகந்தாவின் வரலாறு

மூலிகை ஒன்றிலிருந்து உளப்பிணி மருந்து கிடைத்ததற்கு முதன்மையான எடுத்துக்காட்டு சர்ப்பகந்தா என்னும் சிறு செடியாகும். இதன் தாவரவியல் பெயர் ரவுவோல்பியா செர்பென்டினா. பேரினப் பெயர், 16ஆம் நூற்றாண்டின் செருமானிய மருத்துவரும் தாவரவியலாளருமான லியோனார்டு ரவுவோல்ப் என்பவரின் நினைவாக வைக்கப்பட்டது. இதன் வேர் இந்திய மரபு மருத்துவத்தில் பித்து, உறக்கமின்மை, பாம்புக்கடி முதலியவற்றுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது.

1931இல் இரண்டு முக்கிய வெளியீடுகள் வந்தன. தில்லியில் சலிமுசமான் சித்திக்கியும் ரபத் உசேன் சித்திக்கியும் வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல்கானின் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டனர். அதே ஆண்டில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய வங்க மருத்துவர்கள் இவ்வேர் பித்துக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுகிறது என எழுதினர். 1933இல் ஆர். என். சோப்ராவும் உடன் ஆய்வாளர்களும் இதன் ஆல்கலாய்டு ஒன்றின் மருந்தியல் விளைவுகளை வெளியிட்டனர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் உயர் இரத்த அழுத்தத்தில் இதன் பயனைப் பிரித்தானிய இதயவியல் இதழ் ஒன்றில் வெளியிட்ட பின்னரே மேலைநாடுகளின் கவனம் இதன்பால் திரும்பியது.

1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த சிபா நிறுவனத்தில் முல்லர், சிலிட்லர், பைன் ஆகியோர் ரெசர்ப்பின் என்னும் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தனர். இது கொடுக்கப்பட்ட விலங்குகள் அமைதியடைந்தன. ஆனால் பார்பிட்டுரேட்டு வகை உறக்கமருந்துகளால் ஏற்படுவது போன்ற மயக்கம் அவற்றுக்கு ஏற்படவில்லை. தூண்டியபோது அவை விழித்துக்கொண்டன. இந்த வேறுபாடுதான் ரெசர்ப்பினை வெறும் உறக்கமருந்திலிருந்து பிரித்துக் காட்டியது. 1954இல் நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்டு மாநில மருத்துவமனையைச் சேர்ந்த நாதன் கிளைன் மனநோயாளிகளிடம் இதன் பயனை அறிவித்தார். 1957ஆம் ஆண்டின் லாஸ்கர் விருது பெற்றவர்களுள் வக்கீல், கிளைன் இருவரும் இருந்தனர்.

ரெசர்ப்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. மிகுந்த சோர்வு, இரத்த அழுத்தக் குறைவு, பார்க்கின்சன் நோயைப் போன்ற நடுக்கமும் விறைப்பும் ஆகியவை காணப்பட்டன. மனச்சோர்வு ஏற்பட்டதாகவும் பல அறிக்கைகள் வந்தன. அவ்வறிக்கைகளின் வலிமை பிற்காலத்தில் கேள்விக்கு உள்ளாக்கப்பட்டது. குளோர்ப்புரோமசினும் அதன் வழி வந்த மருந்துகளும் மனநோய் மருத்துவத்தில் ரெசர்ப்பினின் இடத்தைப் பிடித்தன.

ஆயினும் அறிவியலுக்கு ரெசர்ப்பின் தந்த பயன் பெரிது. 1955இல் அமெரிக்காவில் பிராடி, ஷோர், பிளெட்ச்சர் ஆகியோர் இது உடலின் செரோடோனின் இருப்பைக் குறைப்பதைக் காட்டினர். 1957இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சனும் உடன் ஆய்வாளர்களும் ரெசர்ப்பினால் அசைவற்றுக் கிடந்த சுண்டெலிகளுக்கும் முயல்களுக்கும் டோபமினின் முன்னோடிப் பொருளான டோப்பாவைச் செலுத்தினர். அவை மீண்டும் எழுந்து நடமாடின. டோபமின் ஒரு நரம்பியக் கடத்தி என்பதற்கும், பார்க்கின்சன் நோய்க்கு டோப்பா மருந்தாவதற்கும் இதுவே வழிவகுத்தது. கார்ல்சன் 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பால் கிரீன்கார்டு, எரிக் காண்டெல் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

சாறு தயாரித்தல்

சோதனையின் நம்பகத்தன்மை தாவரத்தைச் சேகரிப்பதிலேயே தொடங்குகிறது. தாவரத்தின் இனத்தைத் தாவரவியலாளர் ஒருவர் உறுதி செய்து, அதன் உலர்மாதிரி உலர்தாவரக் காப்பகத்தில் எண்ணிட்டு வைக்கப்படுகிறது. ஒரே நாட்டுப்பெயரில் பல இனங்கள் வழங்குவதால் இது இன்றியமையாதது. பறித்த பருவம், இடம், பயன்படுத்திய பகுதி ஆகியனவும் குறிக்கப்படுகின்றன. வேர், இலை, விதை ஆகியவற்றின் வேதிப்பொருட்கள் ஒன்றோடொன்று வேறுபடும்.

நிழலில் உலர்த்தி இடித்த தூள் நீர், எத்தனால் போன்ற கரைப்பான்களில் ஊறவைக்கப்படுகிறது அல்லது சாக்சுலெட்டு கருவியில் பிரித்தெடுக்கப்படுகிறது. பின்னர் கரைப்பான் ஆவியாக்கப்பட்டு, எஞ்சும் பிசின் போன்ற பொருளின் எடை அளக்கப்படுகிறது. நீரில் கரையும் பொருட்களும் எத்தனாலில் கரையும் பொருட்களும் வேறானவை. எனவே ஒரே செடியின் இரு சாறுகள் இருவேறு முடிவுகளைத் தரலாம். சாற்றில் ஒரு குறிப்பிட்ட சேர்மம் எவ்வளவு உள்ளது என அளந்து தரப்படுத்தாவிட்டால், மற்றோர் ஆய்வகம் அதே சோதனையைத் திரும்பச் செய்ய இயலாது.

அடுத்து நச்சுத்தன்மை அறியப்படுகிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 423ஆம், 425ஆம் வழிகாட்டுதல்கள் இதற்குப் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. இவற்றில் குறைந்த எண்ணிக்கையிலான விலங்குகளே தேவைப்படுகின்றன.

விலங்கு மாதிரிகள்

ஒரு சுண்டெலிக்குக் குரல் கேட்கிறதா என வினவ இயலாது. எனவே உளப்பிணியை விலங்கில் முழுமையாக உருவாக்க முடியாது. அதனோடு தொடர்புடைய ஒரு மூளை மாற்றத்தையோ நடத்தையையோ மட்டும் உருவாக்கி, அதைச் சாறு மாற்றுகிறதா எனப் பார்க்கலாம். பரவலாகப் பயன்படும் மாதிரிகள் வருமாறு.

அப்போமார்பின் ஏறல் சோதனை: அப்போமார்பின் டோபமின் ஏற்பிகளைத் தூண்டும் மருந்து. இது செலுத்தப்பட்ட சுண்டெலிகள் கம்பிக் கூண்டின் சுவரில் ஏறிப் பற்றிக்கொள்கின்றன. நான்கு கால்களும் தரையில் இருந்தால் 0, இரு கால்கள் சுவரில் இருந்தால் 1, நான்கும் சுவரில் இருந்தால் 2 என மதிப்பெண் இடப்படுகிறது. டோபமினைத் தடுக்கும் மருந்துகள் இந்த ஏறலைக் குறைக்கின்றன.

ஆம்பெட்டமின் சோதனை: ஆம்பெட்டமின் நரம்பு முனைகளிலிருந்து டோபமினை வெளிவிடச் செய்கிறது. விலங்குகள் ஓயாமல் ஓடுகின்றன. மருந்தளவு கூடினால் மோப்பம் பிடித்தல், நக்குதல், கடித்தல் போன்ற ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. மனிதர்களிலும் இம்மருந்தை மிகுதியாக உட்கொள்வோருக்கு உளப்பிணி தோன்றுவது இம்மாதிரிக்கு வலுச்சேர்க்கிறது.

கீட்டமின் சோதனை: கீட்டமின், பென்சைக்ளிடின் போன்றவை குளுட்டமேட்டின் ஒருவகை ஏற்பியைத் தடுக்கின்றன. இவற்றால் மிகையான ஓட்டமும், பிற விலங்குகளுடன் பழகாமையும், நினைவுக் குறைவும் உண்டாகின்றன. மனச்சிதைவு நோயாளிகளிடம் காணப்படும் ஒதுங்குதலுக்கும் அறிவுத்திறன் குறைவுக்கும் இது ஓரளவு ஒப்பாகும்.

பழக்கிய தவிர்ப்புச் சோதனை: மணி ஒலித்த சில நொடிகளில் கூண்டின் தரையில் மெல்லிய மின்னதிர்ச்சி தரப்படுகிறது. பழகிய எலி மணி ஒலித்தவுடனேயே பாதுகாப்பான இடத்துக்குச் செல்கிறது. உளப்பிணி எதிர்ப்பி பெற்ற எலி மணியைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் மின்னதிர்ச்சி வந்ததும் தப்பிச் செல்கிறது. உறக்கமருந்து பெற்ற எலியோ இரண்டிலும் தடுமாறுகிறது.

முன்துடிப்புத் தடுப்புச் சோதனை: பேரொலிக்குச் சற்று முன் மெல்லிய ஒலி ஒன்று எழுப்பப்பட்டால் திடுக்கிடுதல் குறையும். மனச்சிதைவு நோயாளிகளிடம் இக்குறைவு போதிய அளவு நிகழ்வதில்லை. மனிதரிலும் எலியிலும் ஏறத்தாழ ஒரே முறையில் அளக்கக்கூடிய சோதனை என்பது இதன் சிறப்பு.

ஒவ்வொரு சோதனையிலும் குறைந்தது மூன்று வகைக் குழுக்கள் தேவை. அவை கரைப்பான் மட்டும் பெறும் குழு, ஹாலோபெரிடால் அல்லது குளோசப்பின் போன்ற அறியப்பட்ட மருந்து பெறும் குழு, பல்வேறு அளவுகளில் சாறு பெறும் குழுக்கள் என்பனவாகும். எந்த விலங்கு எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது மதிப்பெண் இடுபவருக்குத் தெரியக்கூடாது.

அடக்கமும் தணிவும்

உறக்கம் தரும் எந்தப் பொருளும் ஓட்டத்தைக் குறைக்கும். தசையைத் தளர்த்தும் எந்தப் பொருளும் ஏறலைக் குறைக்கும். குமட்டலோ வயிற்று வலியோ உண்டாக்கும் சாறும் அவ்வாறே செய்யும். ஆகவே ஏறல் குறைந்தது என்பதை மட்டும் கொண்டு ஒரு சாற்றை உளப்பிணி எதிர்ப்பி எனக் கூறுவது தவறாகும்.

இதைத் தவிர்க்கச் சில துணைச் சோதனைகள் செய்யப்படுகின்றன. சுழலும் தண்டின்மேல் விலங்கு எவ்வளவு நேரம் விழாமல் நிற்கிறது என்பது அளக்கப்படுகிறது. தூண்டும் மருந்து எதுவும் பெறாத விலங்கின் இயல்பான நடமாட்டமும் அளக்கப்படுகிறது. இவ்விரண்டையும் பாதிக்காத அளவிலேயே சாறு ஆம்பெட்டமின் ஓட்டத்தைக் குறைத்தால், முடிவுக்கு மதிப்பு உண்டு.

விறைப்புச் சோதனை வேறொரு செய்தியைத் தருகிறது. விலங்கின் முன்கால்கள் ஒரு கிடைக்கம்பியின்மேல் வைக்கப்படுகின்றன. இயல்பான விலங்கு உடனே கால்களை எடுத்துவிடும். ஹாலோபெரிடால் பெற்ற விலங்கு வைத்தபடியே நெடுநேரம் நிற்கும். இது நோயாளிகளிடம் தோன்றும் பார்க்கின்சன் போன்ற பக்கவிளைவை முன்கூட்டிக் காட்டுகிறது. ஏறலைக் குறைத்து, விறைப்பை உண்டாக்காத சாறே மேலும் ஆராயத் தக்கது.

மாதிரிகளின் குறைபாடு

டோபமின் சார்ந்த மாதிரிகள் டோபமின் மருந்துகளை ஒத்த பொருட்களையே கண்டுபிடிக்கின்றன. குளோசப்பின் இதற்குச் சான்று. பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவில் இது சிறந்த மருந்து என 1988இல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது. ஆனால் இது விலங்குகளில் விறைப்பை உண்டாக்குவதில்லை. அப்போமார்பினால் உண்டாகும் திரும்பச் செய்தல் நடத்தையையும் நன்கு தடுப்பதில்லை. அந்த ஒரு சோதனையை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருந்தால் குளோசப்பின் ஒதுக்கப்பட்டிருக்கும். மறுபுறம், குளோசப்பினால் வெள்ளணுக்கள் ஆபத்தான அளவு குறையலாம் என்பது 1975இல் பின்லாந்தில் நேர்ந்த இறப்புகளால்தான் பரவலாக அறியப்பட்டது. விலங்கு மாதிரிகள் ஒரு மருந்தின் பயனையும் முழுமையாகக் காட்டுவதில்லை. தீங்கையும் முழுமையாகக் காட்டுவதில்லை.

பாக்கும் சானோமெலினும்

டோபமின் வழியைச் சாராத மருந்து ஒன்றின் வரலாறு பாக்குடன் தொடர்புடையது. பாக்கிலுள்ள அரெக்கோலின் என்னும் ஆல்கலாய்டு அசெட்டைல்கோலினின் மஸ்கரினிக் ஏற்பிகளைத் தூண்டுகிறது. இதன் மூலக்கூற்று அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு செயற்கையாக உருவாக்கப்பட்டதே சானோமெலின். முதலில் ஆல்சைமர் நோய்க்காக இது சோதிக்கப்பட்டது. 1997இல் வெளியான அந்த ஆய்வில் நோயாளிகளின் பிரமைகளும் ஐயவெறியும் குறைந்தமை காணப்பட்டது. பின்னர் செய்யப்பட்ட விலங்குச் சோதனைகளில் இது சுண்டெலிகளின் அப்போமார்பின் ஏறலைக் குறைத்தது, விறைப்பை உண்டாக்கவில்லை.

வாந்தி முதலிய பக்கவிளைவுகளால் இம்மருந்து பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்தது. மூளைக்குள் எளிதில் புகாத டிராஸ்பியம் என்னும் எதிர்மருந்தைச் சேர்த்ததன் மூலம் உடலின் பிற பகுதிகளில் தோன்றும் பக்கவிளைவுகள் குறைக்கப்பட்டன. 2024 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் இக்கூட்டு மருந்தை மனச்சிதைவுக்கு ஏற்றுக்கொண்டது.

பசிபிக் தீவான பலாவுவில் பாக்கு மெல்லும் மனச்சிதைவு நோயாளிகளின் அறிகுறிகள் மென்மையாக இருந்ததாக 2000ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று கூறியது. இதைக் கொண்டு பாக்கை மருந்தாகக் கொள்ளுதல் கூடாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கினை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருட்களில் சேர்த்துள்ளது. தாவரம் தந்த குறிப்பு ஒன்று. அதிலிருந்து உருவான மருந்து வேறொன்று.

பிற தாவரங்கள்

கஞ்சாச் செடியில் எதிரெதிர் விளைவுடைய இரு பொருட்கள் உள்ளன. டெட்ராஹைட்ரோகன்னாபினால் உளப்பிணி போன்ற நிலையைத் தூண்டக்கூடியது. கன்னாபிடியால் எலிகளில் அப்போமார்பின் விளைவைக் குறைத்து, விறைப்பை உண்டாக்காததை 1991இல் பிரேசில் நாட்டின் சுவார்டி குழுவினர் காட்டினர். பின்னர் நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வுகளில் சில பயன் காட்டின, சில காட்டவில்லை. முழுச்செடியின் சாறும் அதன் தனிச் சேர்மமும் வேறு என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

நைசீரியாவின் மரபு மருத்துவர்களும் மனநோய்க்குத் தாவரங்களைப் பயன்படுத்தி வந்துள்ளனர். அங்கு வளரும் ரவுவோல்பியா வாமிட்டோரியா சர்ப்பகந்தாவின் உறவுச் செடி. அதிலும் ரெசர்ப்பின் உள்ளது. அங்கு மனநோய்க்குப் பயன்படும் தாவரச் சாறு ஒன்றின் முதன்மை ஆல்கலாய்டான அல்ஸ்டோனின் சுண்டெலிகளில் உளப்பிணி எதிர்ப்பு விளைவைக் காட்டியுள்ளது. அது டோபமின் ஏற்பிகளை நேரடியாகத் தடுப்பதாகத் தெரியவில்லை. செரோடோனின் ஏற்பிகளின் வழியே செயற்படுவதாகக் கருதப்படுகிறது.

மருந்தளவை மனிதருக்கு மாற்றுதல்

சுண்டெலிக்குத் தரப்பட்ட அளவை உடல் எடைக்கேற்ப நேரடியாகப் பெருக்கி மனிதருக்குக் கொள்ளுதல் தவறு. உடற்பரப்பின் அடிப்படையில் சுண்டெலியின் அளவு ஏறத்தாழ 12.3ஆல் வகுக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, கிலோகிராமுக்கு 400 மில்லிகிராம் சாறு சுண்டெலியில் வேலை செய்தது எனக் கொண்டால், மனிதருக்கு அது கிலோகிராமுக்கு ஏறத்தாழ 32.5 மில்லிகிராம் ஆகும். 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 2 கிராம் சாறு தேவை. நூறு கிராம் உலர் இலையிலிருந்து 8 கிராம் சாறு கிடைத்தால், ஒருவேளைக்கு ஏறத்தாழ 25 கிராம் உலர் இலை வேண்டும். வயிற்றறைக்குள் ஊசி மூலம் செலுத்தி மட்டுமே பயன் கண்ட சாறு, வாய்வழி உட்கொள்ளும்போது குடலிலும் கல்லீரலிலும் சிதைந்து பயனற்றுப் போகவும் கூடும்.

அறமும் சட்டமும்

1959இல் இரசல், பர்ச் ஆகிய பிரித்தானியர் முன்வைத்த மூன்று கொள்கைகள் விலங்கு ஆய்வின் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. இயன்றவரை மாற்று முறைகளைக் கையாளுதல், விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்பன அவை. இந்தியாவில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960இன் கீழ் அமைந்த நடுவண் குழு இவ்வாய்வுகளைக் கண்காணிக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ள விலங்கு அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெற்ற பின்னரே சோதனை தொடங்கலாம். ஏற்கெனவே பலமுறை செய்யப்பட்ட சோதனையைத் தரப்படுத்தாத சாற்றைக் கொண்டு மீண்டும் செய்வது, விலங்குகளைப் பயனின்றித் துன்புறுத்துவதாகும்.

தாவரங்களைக் காப்பதும் இதில் அடங்கும். வேருக்காகப் பிடுங்கப்படுவதால் காட்டுச் சர்ப்பகந்தா அருகி வருகிறது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இச்செடி இடம்பெற்றுள்ளது. இந்தியாவில் உயிரியற் பல்வகைமைச் சட்டம், 2002 தாவர வளத்தையும் மரபறிவையும் பயன்படுத்துவோர் அவற்றின் பயனைப் பகிர வேண்டும் என வலியுறுத்துகிறது.

நோயாளிகளுக்கான பொருள்

விலங்குச் சோதனையில் வெற்றி பெற்ற சாறு மருந்து ஆகிவிடுவதில்லை. அதற்குப் பின் தனிச் சேர்மத்தை அறிதல், நீண்டகால நச்சுத்தன்மை ஆய்வு, மனிதரில் கட்டம் கட்டமான மருத்துவ ஆய்வு ஆகியவை உள்ளன. மனச்சிதைவு நோயாளி ஒருவர் உட்கொண்டுவரும் மருந்தை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி. மருந்துடன் சேர்த்து உட்கொள்வதிலும் ஆபத்து உண்டு. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் ஐரோப்பிய மூலிகை, மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பெருக்கி, சில உளப்பிணி எதிர்ப்பிகளின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடுகிறது. சர்ப்பகந்தா வேரை உட்கொள்பவருக்கு இரத்த அழுத்தம் ஆபத்தான அளவு குறையலாம். மூலிகை உட்கொள்ளும் நோயாளிகள் அதனைத் தம் மனநல மருத்துவரிடம் மறைக்காமல் கூறுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

மனச்சிதைவு
சர்ப்பகந்தா
டோபமின்
மருந்தியல்